ரெண்டு மணி வரைக்கும்

அந்த அட்டையைக் கிழிக்காதீங்கம்மா. மருந்துப் பேர் இருக்கிற பக்கத்தை மட்டும் கிழிச்சு முந்தானைக்குள்ள சுருட்டுறீங்கல்லா, அதைத்தான் சொல்லுதேன். நான் வேணும்னு பார்க்கலை. பக்கத்துல உட்கார்ந்தா கண்ணு போகத்தானே செய்யும்.

முதல்ல இங்கன தள்ளி வாங்க, இந்தத் தூணுக்குப் பின்னால. அங்க உட்கார்ந்தா கண் பிரிவுக்குப் போறவங்க அத்தனை பேரும் நம்ம மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதான் போவாங்க. மனநலப் பிரிவுக்கு வெளிய, போற வர்ற வழியில பெஞ்சு போட்டவனுக்கு அறிவு இருக்கா? நான் ஒண்ணேகால் வருசமா வாரேன். எனக்கு இந்த இடம்தான். முகம் தெரியாது, நம்பர் கூப்பிடுதது மட்டும் காதுல விழும்.

மாத்திரை உங்களுக்கா, வீட்டுல வேற யாருக்குமான்னு நான் கேக்க மாட்டேன். எனக்கு அது வேண்டாம். கிழிக்காம வெச்சுக்கோங்க, அது போதும். ஏன் சொல்லுதேன்னா, நான் கிழிச்சவ. கிழிச்சு அடுப்புல போட்டவ.

என் மருமக ரத்தப் பரிசோதனைக்கு உள்ள போறா. சந்தனமாரின்னு பேரு. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு மெதுவாப் போறாள்லா, நீலச் சேலை, அவதான். நான் கூட வாரேன்னா வேண்டாம்பா. அவளாவே நடக்கணும். இருபத்தேழு வயசு. உப்பு மூட்டையை ஒத்தைக் கையால தூக்கின பிள்ளை.

எங்களுக்கு உப்பளத்து வேலை. தூத்துக்குடிப் பக்கம். அளம்னுதான் சொல்லுவோம். நான் ஆறாவதோட நின்னுட்டேன். பதிமூணு வயசுல உப்புப் பாத்தியில இறங்குனவ, இன்னும் கரையேறலை. என் மகன் கொம்பையா உப்பு லாரி ஓட்டுதான். கேரளாவுக்கு லோடு போனா திரும்பி வர நாலஞ்சு நாள் ஆகும். வீட்டுக்காரர் இல்லை. ரத்தக்கொதிப்புல போயிட்டாரு. உப்பைக் குறை, உப்பைக் குறைன்னு டாக்டர் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போனார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வரும்.

சந்தனத்தோட அம்மா லெட்சுமிக்கனி கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸுல வேலை பார்க்காங்க. நல்ல மனுஷி. பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. "மதினி, ஒளிச்சு வெச்சுக் கட்டிக் கொடுக்க எனக்கு மனசில்லை. பிள்ளைக்குக் காலேஜ் படிக்கையில மனசு ரொம்ப ஏறிப் போச்சு. நாலு நாள் தூங்காம, பேசிக்கிட்டே, பாடிக்கிட்டே இருந்தா. அப்புறம் ஒரு மாசம் பாயை விட்டு எந்திரிக்கலை. மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச பிறகு நாலு வருசமா ஒரு குறையும் இல்லை. அதை மட்டும் விடாமப் பார்த்துக்கிடணும்"னாங்க.

கொம்பையா என்னைப் பார்த்து, "சுகர் மாத்திரை போடுதவங்க கல்யாணம் பண்ணலியாம்மா?"ன்னான். எனக்கும் பிள்ளையைப் பிடிச்சுப் போச்சு. சரின்னுட்டேன். ஆனா எங்க தெருவுக்குத் தெரியக்கூடாதுன்னு அங்க காப்பி குடிச்சுக்கிட்டிருக்கும்போதே முடிவு பண்ணிட்டேன்.

எங்க தெருவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஒரு வீட்டுல இருமினா அடுத்த வீட்டுல சுக்குத் தட்டுவாங்க. அப்படி ஒரு தெரு. பைத்தியத்து மாத்திரைன்னு ஒருத்தி வாயில வந்துட்டா போதும். நான் அப்ப எல்லாத்துக்கும் அந்த ஒரு பேர்தான் வெச்சிருந்தேன். இங்க மருந்து கொடுக்கிற இடத்துல இருக்கிற பொண்ணுதான் பிறகு சொல்லிக் கொடுத்துச்சு. "அம்மா, தூக்கத்துக்கு ஒரு வகை, பயத்துக்கும் சோர்வுக்கும் ஒரு வகை, காதுல குரல் கேக்குததுக்கு ஒரு வகை, மனசு ஏறி இறங்குததுக்கு ஒரு வகை. ஒவ்வொண்ணுக்கும் பார்த்துக்கிட வேண்டியது வேற வேற. சிலதைத் திடீர்னு நிறுத்தக்கூடாது, சிலதைப் போட்டுட்டு வண்டி ஓட்டக்கூடாது, சிலதுக்கு மாசக் கணக்கு வெச்சு ரத்தம் பார்க்கணும். எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க"ன்னுச்சு. என்ன வயசு இருக்கும் அந்தப் பொண்ணுக்கு, எனக்கு ஒரு மக பிறந்திருந்தா அந்த வயசு. அதுக்கு முன்னால தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்.

எங்க விட்டேன்? அடுப்பு. என் முழங்காலுக்கு எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரை டப்பா ஒண்ணு காலியா இருந்துச்சு. வெள்ளை டப்பா, மேல ஒரு பொம்பளை சிரிச்சுக்கிட்டிருப்பா. கொம்பையா கோவில்பட்டி வழியா வரும்போது அவளோட பழைய டாக்டர் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிட்டு வருவான். நான் அட்டையில இருந்து ஒவ்வொண்ணாப் பிதுக்கி அந்த டப்பாவுல போட்டுட்டு, அட்டையை அடுப்புல போட்டிருவேன். கேட்டவங்களுக்கு, புதுப் பொண்ணுல்லா, சத்து மாத்திரைன்னு சொல்லிக்கிடுவேன்.

சந்தனம் சிரிப்பா. "தெரிஞ்சா என்ன அத்தை? நான் யாரையும் கடிக்கலையே."

"உனக்கு இந்தத் தெரு தெரியாது, சும்மா இரு" என்பேன்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், ஒரு நாள்கூட அவளுக்கு மாத்திரை தவறவிட்டதில்லை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, என் கையால எடுத்துக் கொடுத்து, விழுங்குனாளான்னு பார்த்துட்டுத்தான் நகருவேன். இங்க வாரவங்கள்ல பாதிப் பேர் மாமியார் மாத்திரையை நிறுத்திட்டா, புருஷன் நிறுத்திட்டான்னுதான் அழுதாங்க. நான் நிறுத்தலை. அது வேணும்னா எனக்குப் பெருமைன்னு வெச்சுக்கோங்க.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கணும்னு சீட்டுல எழுதியிருந்துச்சாம். அதைத்தான் தள்ளிப் போட்டேன். பரிசோதனை பண்ணுத இடத்துல எங்க ஊர் ஆளுங்க யாராவது நின்னா? அடுத்த மாசம், அடுத்த மாசம்னு ஒரு வருசம் ஓட்டிட்டேன்.

கல்யாணமாகி ஒரு வருசம் ஆனா தெரு சும்மா இருக்குமா? "என்ன ஞானவடிவு, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" பாத்தியில உப்பு வாரும்போதும் கேப்பாளுக, தண்ணிக்குழாயில நிக்கும்போதும் கேப்பாளுக. நான் சந்தனத்துக்கிட்டக் கேட்டேன். அவ, "அத்தை, குழந்தை வேணும்னா முதல்ல டாக்டர்கிட்டச் சொல்லணும். இந்த மாத்திரையை யோசிச்சு மாத்துவாங்க. போவோமா?"ன்னா. எவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கா பாருங்க. நான் டாக்டர்கிட்டப் போகலை. அம்மன்கிட்டப் போனேன். இந்த மாத்திரையே வேண்டாத அளவுக்குப் பிள்ளையைக் குணமாக்கிக் கொடு தாயேன்னு கேட்டேன்.

சாமிக்குக் கொடுக்கிறதுன்னா நம்மகிட்ட எது பெருசோ அதைக் கொடுக்கணும். எங்க வீட்டுல தங்கமா இருக்கு? எங்களுக்கு உப்புதான் எல்லாம். அதனால நாப்பத்தோரு நாள் உப்பு சேர்க்காமச் சாப்பிடுதோம்னு நேர்ந்துக்கிட்டேன். அவ மட்டுமில்லை, நானும்தான். ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு. எனக்கில்லாத கஷ்டத்தை நான் அவளுக்குக் கொடுக்கலை. இதையும் கேட்டுக்கோங்க.

சித்திரை மாசம். அளத்துல உப்பு நல்லா விளையுற நேரம் அதுதான். வெயில் மேல இருந்தும் அடிக்கும், வெள்ளை உப்புல பட்டுக் கீழ இருந்தும் அடிக்கும். வேர்வை கண்ணுக்குள்ள இறங்கும். உடம்பெல்லாம் உப்பு, தட்டுல மட்டும் இல்லை.

முதல் நாளே சந்தனம் சொன்னா. "அத்தை, அந்த டாக்டர் எங்கிட்ட உப்பை மட்டும் குறைச்சிராதேன்னாங்க. நல்லாத் தண்ணி குடி, உப்பைக் குறைக்காதே, வயித்தால போனா உடனே வான்னாங்க."

நான் சிரிச்சேன். சிரிச்சேம்மா. "உலகத்துல எந்த டாக்டர் உப்பு சாப்பிடச் சொல்லுவாரு? உன் மாமாவுக்குச் சொன்னதை நான் கேக்கலியா? உனக்கு உப்பில்லாத சோறு இறங்கலை, அதுக்கு டாக்டரை இழுக்கே"ன்னேன்.

அவ உப்பில்லாத சோத்தையே பிசைஞ்சு சாப்பிட்டா. அவளுக்கும் குழந்தை ஆசை இருந்துச்சுல்லா.

இருபது நாள் கழிஞ்சு கை லேசா நடுங்க ஆரம்பிச்சுது. காப்பித் தம்ளர் தட்டுல பட்டு டகடகன்னு சத்தம் போடும். வேலை அசதின்னு நினைச்சேன். உடம்பெல்லாம் வலிக்கின்னா. என் முழங்கால் வலி மாத்திரையைக் கொடுத்தேன், ஒரு வாரம். அதுவும் இந்த மாத்திரையோட சேரக்கூடாதாம். எனக்கு யார் சொன்னா? கடையில கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாங்க. கேக்கணும்னா டப்பாவுல இருக்கிறது என்னன்னு சொல்லணும்லா.

முப்பத்து மூணாம் நாள் வயித்தால போச்சு. வாந்தி. நடக்கும்போது தள்ளாடினா. அப்பவும் விடாம மாத்திரை கொடுத்தேன். ராத்திரியும் கொடுத்தேன், விடிஞ்சதும் கொடுத்தேன். என்ன கேட்டாலும் பதில் குழறலா வந்துச்சு. கொம்பையா லோடு ஏத்திக்கிட்டுத் திருச்சூர் போயிருந்தான். ஆட்டோ பிடிச்சுக் காலையில எட்டு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இது இல்லை, வேற.

அங்க படுக்கைக்குப் பக்கத்துல நோட்டோட வந்து நின்னது யாருங்கீங்க? எப்சி. எங்க தெருவுல ஏழாவது வீட்டுத் தங்கபுஷ்பத்தோட மக. அங்க நர்ஸா இருக்கான்னு எனக்குத் தெரியும், அந்த நேரத்துல அங்க நிப்பான்னு தெரியாது. தங்கபுஷ்பம் எங்கூட அளத்துல வேலை பார்க்கிறவ. அவ காதுல ஒண்ணு விழுந்தா மத்தியானத்துக்குள்ள அளம் முழுக்கத் தெரிஞ்சிரும்.

"பெரியம்மா, சந்தனம் வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுதாளா?"

"கால்சியம். சத்துக்கு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

எழுதிக்கிட்டா. வெயில்ல வயித்துப்போக்குன்னு முடிவு பண்ணி டிரிப் போட்டாங்க. பத்து மணிக்கு ஒரு பொம்பளை டாக்டர் வந்தாங்க. சந்தனத்தோட கண்ணைப் பார்த்தாங்க, காலைத் தட்டிப் பார்த்தாங்க. முகம் சுருங்கிச்சு. "வெறும் வயித்துப்போக்கு மாதிரி இல்லையே. நரம்புக்கு, மனசுக்கு, தூக்கத்துக்குன்னு ஏதாவது மாத்திரை உண்டாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எப்சி பக்கத்துல நிக்கா. கையில நோட்டு.

"இல்லை டாக்டர்."

வாய் திறக்கும்போது வேறதான் சொல்லணும்னு இருந்தேன். இல்லைன்னு வந்துச்சு.

டாக்டர் போன பிறகு எப்சிகிட்டக் கேட்டேன், "உனக்கு எப்ப ட்யூட்டி முடியும்?"

"ரெண்டு மணிக்கு. ஏன் பெரியம்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

எதிர்ச் சுவர்ல ஒரு வட்டக் கடிகாரம். மணி பத்தேகால். ரெண்டு மணிக்கு இவ போயிருவா, அடுத்து வாரவகிட்டச் சொல்லிருவோம்னு கணக்குப் போட்டேன். நாலு மணி நேரம்தானே. டிரிப்தான் ஏறுதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சந்தனம் என் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லப் பார்த்தா. மா... மா...ன்னு வந்துச்சு. அம்மாவைத் தேடுதான்னு எப்சி நினைச்சா. நான் நினைக்கலை. எனக்குத் தெரியும். மாத்திரைன்னு சொல்ல வந்தா. "பேசாதம்மா, தூங்கு"ன்னு நெத்தியைத் தடவினேன்.

பன்னெண்டு மணி. ஒரு மணி. எப்சி எனக்கு டீயும் பன்னும் வாங்கிட்டு வந்து கொடுத்தா. காசு கொடுத்தா வாங்க மாட்டேங்கா. ரெண்டு மணி ஆச்சு. அவ போகலை.

"நீ கிளம்பலியாம்மா?"

"உங்களை எப்படித் தனியா விட்டுட்டுப் போறது பெரியம்மா? கொம்பையா அண்ணனும் இல்லை. நான் மூணு மணி வரைக்கும் நிக்கேன்."

நல்லது செய்ய வந்தவளைப் பார்த்து, போய்த் தொலையேன்னு மனசுக்குள்ள கத்துனேன்.

ரெண்டேகாலுக்குச் சந்தனத்துக்கு வலிப்பு வந்துச்சு. கட்டில் ஆடுது. எப்சி பாய்ஞ்சு வந்து அவளை ஒருக்களிச்சுப் பிடிச்சுக்கிட்டு, "டாக்டரைக் கூப்பிடுங்க பெரியம்மா"ன்னு கத்துதா. அப்பவும்மா, அப்பவும் அவ முன்னால என் வாய் திறக்கலை. வராந்தாவுக்கு ஓடினேன். அங்க டாக்டரைப் பிடிச்சு, எப்சிக்குக் கேக்காத இடத்துல நிறுத்தி, "மனசுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுதா டாக்டர்"ன்னேன்.

"என்ன மாத்திரை?"

பேர் தெரியலை. அட்டைதான் அடுப்புல போயிருச்சே. டப்பாவுல பொம்பளை சிரிச்சுக்கிட்டு இருக்கா. கொம்பையா போன் எடுக்கலை. லெட்சுமிக்கனிக்குப் போன் போட்டேன். அவங்க பழைய சீட்டைத் தேடி எடுத்து, இங்கிலீஷ் எழுத்தை ஒண்ணொண்ணாப் படிச்சாங்க. டாக்டர் முழுசாக் கேக்கலை, பாதியிலேயே ஓடினாங்க. லித்தியம். இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ரெண்டு தடவை மெஷின் வெச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுனாங்க. ஒன்பது நாள் ஐ.சி.யூ. டாக்டர் பிறகு என்னை உட்கார வெச்சுச் சொன்னாங்க. "இந்த மருந்தே ஒரு வகை உப்புதாம்மா. சாப்பாட்டுல உப்பு கிடைக்கலைன்னா, சிறுநீரகம் இந்த உப்பை வெளிய விடாமப் பிடிச்சு வெச்சுக்கும். வேர்வை, வயித்துப்போக்கு, வலி மாத்திரை எல்லாம் சேர்ந்ததும் அளவு மீறிப்போச்சு. மருந்து மோசமில்லை. அஞ்சு வருசத்துக்கு மேல அவங்களை நல்லா வெச்சிருந்தது அதுதான். அளவைப் பார்த்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான். காலையிலேயே ஏம்மா சொல்லலை?"

"பதட்டத்துல மறந்துட்டேன் டாக்டர்."

"நல்லவேளை அப்பவாவது ஞாபகம் வந்துச்சே"ன்னு என் தோள்ல தட்டினாங்க.

எப்சிக்குத் தெரியாம இருக்குமா? கேஸ் நோட்டுல எழுதுனவளே அவதான். ஒண்ணேகால் வருசம் ஆச்சு. எங்க தெருவுல இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளுக்குத் தெரியாது. அவ அவளோட அம்மாகிட்டகூடச் சொல்லலை. யார் வாய்க்குப் பயந்தேனோ அந்த வாய் திறக்கவே இல்லை.

லெட்சுமிக்கனி கோவில்பட்டியில இருந்து வந்து, ஐ.சி.யூ. வாசல்ல என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "நீங்க போன் பண்ணலேன்னா என் பிள்ளை போயிருப்பா மதினி"ன்னு. நான் காலை இழுத்துக்கிட்டேன்.

சந்தனத்துக்கு நடையில அந்தத் தள்ளாட்டம் அப்படியே தங்கிப்போச்சு, நீங்கதான் பார்த்தீங்களே. பேச்சும் அப்படித்தான், நாக்கு மடங்காது. எனக்கும் கொம்பையாவுக்கும்தான் புரியும். போன்ல பேசினா அவ அம்மாவுக்கே புரியாது, நான்தான் நடுவுல நின்னு எடுத்துச் சொல்லணும். இப்ப வேற மருந்து. மனசு நல்லா இருக்கு. நடையும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமா வரலாம், வராமலும் போகலாம்னுதான் சொல்லுதாங்க. காலையிலேயே சொல்லியிருந்தா இவ்வளவு ஆகியிருக்குமான்னு நான் ஒரு டாக்டர்கிட்டயும் கேட்டதில்லை. பதில் வந்துட்டா?

யாரைப் பார்த்தாலும் அவ ஒண்ணு சொல்லுவா. "எங்க அத்தைதான் என்னைக் காப்பாத்துனாங்க." அதை மட்டும் நான் எடுத்துச் சொல்ல மாட்டேன். "தண்ணி கேக்கா"ன்னு சொல்லிருவேன். அத்தைக்கு வெக்கம்னு அவ சிரிப்பா.

என்ன கேக்கீங்க? அவகிட்டச் சொல்லிட்டேனான்னா? ஒண்ணேகால் வருசமாச் சொல்லணும் சொல்லணும்னுதான் இருக்கேன். உங்ககிட்டச் சொன்ன மாதிரி யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்களை இனிமே பார்க்கப் போறதில்லை, அந்தத் தைரியம்தான். அவ வந்தா ஒண்ணும் கேட்டிராதீங்க.

இந்தா வந்துட்டா. மெதுவாம்மா, அந்தப் படி. இங்கன உட்காரு. பஞ்சை அழுத்திப் பிடி. இவங்களா? சும்மா பேசிக்கிட்டிருந்தோம்.

இப்ப இவ உங்களைப் பார்த்துச் சொன்னாள்லா. புரியலையா?

புரியாது.

தண்ணி கேக்கலைம்மா. "எங்க அத்தைதான் என்னைக் காப்பாத்துனாங்க"ன்னு சொல்லுதா. அப்படியே முகத்தைப் பார்க்காதீங்க, என்னால முடியலை.

சந்தனம். இந்தப் பக்கம் திரும்பு. அன்னைக்கு நான் மறக்கலை. மறந்துட்டேன்னு டாக்டர்கிட்டச் சொன்னது பொய். எப்சி வீட்டுக்குப் போகட்டும்னு இருந்தேன். காலையில எட்டு மணியில இருந்து ரெண்டேகால் வரைக்கும், நீ என் சேலையைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தே, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீ மாத்திரைன்னு சொல்ல வந்தது எனக்குத் தெரியும். தூங்குன்னேன்.

என் தோள்ல இருந்த கையை எடுத்துட்டா, பார்த்தீங்களா. எடுக்கட்டும்.

என்னம்மா? மெதுவாச் சொல்லு. திரும்பச் சொல்லு.

ம்.

சரி.

என்ன சொல்லுதான்னா கேக்கீங்க? "எங்க அம்மாகிட்டச் சொல்லுங்க"ங்கா. "நான் சொன்னா அம்மாவுக்குப் புரியாது. நீங்களே உங்க வாயால சொல்லணும். இப்பவே." அதான்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேனே சந்தனம். இல்லை, இல்லை, சரி. இப்பவே.

தூணுக்குப் பின்னால சிக்னல் எடுக்காது. வெளிய அந்த வழியில போய்த்தான் நிக்கணும், எல்லாரும் போற இடத்துல. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்கம்மா. எங்க நம்பர் நாப்பத்தேழு, கூப்பிட்டா நாங்க அங்கன நிக்கோம்னு சொல்லுங்க. சத்தமாவே சொல்லுங்க, பரவாயில்லை. உங்க அட்டையைக் கிழிக்காதீங்க.

கையைக் கொடு சந்தனம். தரலியா? சரி, சுவரைப் பிடிச்சுக்கோ, பின்னால வா.

ரிங் போகுது.

மதினி, நான் ஞானவடிவு பேசுதேன். பிள்ளை நல்லா இருக்கா, பக்கத்துலதான் நிக்கா. நீங்க கொஞ்சம் உட்கார்ந்துக்கோங்க.